ஆளுக்குப் பாதி மாத்திரை

நடவு நடுகிற பெண்கள் முகம் பார்த்துப் பேசுவதில்லை. தலை குனிந்திருக்கும், கை சேற்றிலிருக்கும், கால் பின்னால் போய்க்கொண்டிருக்கும். வாயிலிருந்து விழும் பேச்சு சேற்றைத் தொட்டுவிட்டுத்தான் பக்கத்து ஆளின் காதுக்கு ஏறும். பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யாருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பது வரப்பில் நிற்பவருக்குப் புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வரிசையில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ நின்றுகொண்டு, அங்கே இல்லாத ஒருவரோடு என் நாத்தனார் ஏழு வருடம் பேசிக்கொண்டிருந்தாள். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்கும் முதலில் தெரியவில்லை. திருவள்ளூரிலிருந்து, பொன்னேரிப் பக்கம் இருக்கும் ஆரணிக்கு அடுத்த ஊருக்கு மருமகளாக வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அறுபதுகளின் நடுப்பகுதி. மாமனார் இல்லை, மாமியார்தான் நிலத்தையும் வீட்டையும் பார்த்தாள். என் வீட்டுக்காரர் மூத்தவர். அவருக்கு ஒரு தம்பி, அடுத்து ஒரு தங்கை. தம்பிக்கு மனசு சரியில்லை என்று கல்யாணத்துக்கு முன்பே என் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். தங்கையைப் பற்றி, "புருசன் ஊட்டுல கொஞ்சம் தகராறு, வந்து கீறா" என்று மட்டும் சொன்னார்கள்.

கொழுந்தனுடைய நோய் ஒரே நாளில் ஊருக்குத் தெரிந்தது. எங்கள் ஏரியில் முறைத் தண்ணீர். ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை நேரம் என்று கணக்கு, வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை மடையருகே நிற்க வேண்டும். நிற்பது என்றால் சும்மா நிற்பதல்ல. அடுத்த முறைக்காரனோடு முகத்துக்கு முகம் பேச வேண்டும், சண்டை போட வேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டும், பீடி வாங்கிக் கொடுக்க வேண்டும். நான் வருவதற்கு ஒரு வருடம் முன்பு, அடுத்த வீட்டுக்காரனின் முறையில் கொழுந்தன் மடையை அடைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். "கீழ ஆளு இருக்குது, தண்ணி உடாதீங்க" என்றான். பத்துப் பேர் சேர்ந்து தூக்கினார்கள். சாயங்காலத்துக்குள் ஆரணிக் கடைத்தெரு வரை செய்தி போயிற்று. டீக்கடையில் அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.

அப்புறம் அவனை யாரும் மடைக்கு அனுப்பவில்லை. ஏர் பிடிக்கச் சொல்லவில்லை. ஒரு ஆம்பளைக்கு என்று ஊர் வைத்திருந்த வேலைகள் எல்லாமே இன்னொரு ஆம்பளையின் எதிரில் நின்று செய்கிறவை. மாட்டுச் சந்தை, வண்டி, வாய்க்கால் பஞ்சாயத்து, கூட்டுறவுச் சங்கம். அவன் ஒவ்வொன்றிலிருந்தும் கழன்றுகொண்டான். மாட்டுக்கொட்டகைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்வான். வெயில் நகர்ந்தால் அவனும் நகர்வான். சோறு அவன் இருக்கும் இடத்துக்குப் போகும்.

கொண்டுபோய் வைத்தவள் என் நாத்தனார். வைத்துவிட்டு, "துன்னு, ஆறிடும்" என்பாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அவள் உள்ளே வந்து அடுப்பின் எதிரில் உட்கார்ந்து, தீயைத் தள்ளிக்கொண்டே தாழ்ந்த குரலில் யாரிடமோ சொல்வாள்: "இல்ல, நீ அழுவாத. அப்பால வரேன். இந்த வேலைய முடிச்சுகினு வரேன்."

குழந்தை நினைப்பில் பேசுகிறாள் என்று நினைத்தேன். நினைக்கக் காரணமும் இருந்தது.

அவளைக் கட்டிக்கொடுத்தது பொதட்டூர்பேட்டைப் பக்கம். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள், பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதம் புருஷன் வீட்டிலிருந்து வந்து அழைத்துப்போக வேண்டும், வரவில்லை. கேட்டுப் போனவர்களிடம், "உங்க பொண்ணு கெணத்தண்ட நின்னுகினு பேசறா, சட்டியில ஒண்ணும் இல்லாம அடுப்புல வெச்சுட்டு கெளறிக்கினே இருக்கறா" என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. மாமியார் கொடுமை, அதை மறைக்க ஒரு பொய் என்று முடிவு கட்டினார்கள். நான் வந்த மறு வருடம், குழந்தைக்கு மூன்று வயது ஆனதும், புருஷனும் அவனுடைய அம்மாவும் வந்து குழந்தையை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள். நாத்தனார் குழந்தையின் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டி, தலையை வாரி, வாசலில் விட்டாள். அழவில்லை. அடுத்த நாள் காலையில் நடவுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு இருந்தது ஒரே எண்ணம். குழந்தையிடம் போய்ச் சேர வேண்டும். அதற்குப் புருஷன் வீடு மறுபடி கூப்பிட வேண்டும். கூப்பிட வேண்டுமென்றால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் நம்ப வேண்டும். இந்தக் கணக்கை அவளே ஒருமுறை என்னிடம் விரல் மடக்கிச் சொன்னாள், மிகத் தெளிவாக. சொல்லி முடித்த கையோடு இடது பக்கம் திரும்பி, "நீ சும்மாரு, அண்ணியாண்ட பேசிக்கினு கீறேன் இல்ல" என்றாள். இடது பக்கத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கொழுந்தனை மாதம் ஒருமுறை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது என் வேலையாகிவிட்டது. படித்தவள், சீட்டில் எழுதியிருப்பதைப் படிப்பாள் என்று என்னிடம் தள்ளினார்கள். பஸ் சோழவரத்தைத் தாண்டிப் போகும். அங்கே கார் ரேஸ் நடக்கும் நாட்களில் அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக வந்து பஸ்ஸையே உலுக்கும். குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளும், கிழவர்கள் திட்டுவார்கள். கொழுந்தன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முகத்தை அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டு வருவான். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "அந்தச் சத்தத்துல அவனுங்க பேசறது கேக்கல அண்ணி" என்றான். இத்தனை வருடங்களில் அவன் என்னிடம் தானாகச் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான்.

டாக்டர் அம்மாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள். வேலைக்குப் போகிறாரா. தானாகக் குளிக்கிறாரா. வெளியே போனால் தானாகத் திரும்பி வருகிறாரா. நாலு பேரோடு உட்கார்ந்து பேசுகிறாரா. நான் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வருவேன், அவர் எழுதிக்கொண்டே வருவார். ஒருமுறை எழுதுவதை நிறுத்திவிட்டு, "வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி உண்டா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் அதே கேள்விகளை நாத்தனாருக்கு வைத்துப் பார்த்தேன். விடியுமுன் எழுகிறாள், குளிக்கிறாள். சமைக்கிறாள், மாடு கறக்கிறாள், நடவில் இரண்டாள் வேலை செய்கிறாள். ஆரணிக்குத் தனியாகப் போய் எண்ணெய் வாங்கி வருகிறாள். கிணற்றடியில் நாலு பெண்களோடு நின்று அடுத்த தெருவுக்காரியின் புதுப் புடவையைப் பற்றிப் பேசுகிறாள், பேசிச் சிரிக்கிறாள். எல்லாவற்றுக்கும் ஆமாம். அப்படியானால் அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவள் தலைக்குள் ஒரு குழந்தை நாள் முழுவதும் அழுகிறது. எந்தக் கேள்விக்கும் அந்த அழுகை பிடிபடவில்லை. அவள் வேலை செய்துகொண்டே இருந்ததால் வேலையின் பின்னால் அது ஒளிந்துகொண்டது. அவன் வேலையை விட்டதால் அவனுடையது வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்தது. ஒரே வயிற்றில் பிறந்த இருவர், ஒரே நோய். ஊர் அதை ஒருவனிடம் பார்த்தது, இன்னொருத்தியிடம் பார்க்கவில்லை.

மனச்சிதைவு என்ற சொல்லை நான் படித்தது வெகுகாலம் கழித்து. அப்போது எங்களிடம் இருந்தவை பிசகு, காத்து, பேஜாரு.

அந்த வருடங்களில்தான் மாமியார் கொழுந்தனுக்குப் பெண் தேடினாள். கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்றாள். ஒரு தரகர், கும்மிடிப்பூண்டிக்கு அந்தப் பக்கம், தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் ஊர்க்காரர், வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "ஆம்பளைக்கு இன்னாம்மா கொற. நெலம் இருக்குது, நைனா மாதிரி அண்ணங்காரன் இருக்கறாரு. கொஞ்சம் கம்முனு இருக்கற புள்ளன்னு சொல்லிக்கலாம். கம்முனு இருக்கற புருசன் எந்தப் பொண்ணுக்குக் கெடைப்பான்?"

நாத்தனார் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும் தரகர் குரலைத் தாழ்த்தி, "அதான் வாழாவெட்டியா வந்துட்ட பொண்ணா? பொண்ணு ஊட்டுக்காரங்க வரும்போது அத உள்ளவே இருக்கச் சொல்லுங்க" என்றார்.

மாமியார் தலையாட்டினாள். பெண் எதுவும் அமையவில்லை, அது வேறு விஷயம்.

ஒரு மாசி மாதம், நண்பகலில், நாத்தனார் அறுவடைக் களத்திலிருந்து அரிவாளோடு நடக்க ஆரம்பித்தாள். பொன்னேரி சாலையில் ஒரு மாட்டுவண்டிக்காரர் பார்த்து நிறுத்தி ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். குழந்தை கிணற்றில் விழுந்துவிட்டதாகவும், இப்போது போனால் எடுத்துவிடலாம் என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறாள். "ஏதோ பயந்துகினு இருக்குதும்மா, வேப்பில அடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மாமியாரிடம் நேரடியாகப் பேசினேன். "அத்த, இவள நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறேன்."

"போயி?"

"மாத்திர குடுப்பாங்க."

"சீட்டும் குடுப்பாங்க. அந்தச் சீட்டு இந்த ஊட்டுல இருந்தா எத்தினி நாளு மறைக்க முடியும்? பொதட்டூர்பேட்டைக்காரன் அத எடுத்துக்கினு பஞ்சாயத்துல காட்டுவான். பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்னுவான். அப்பால அவ கொழந்தைய கண்ணால பாப்பாளா?" அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். "அவனுக்குன்னா ஒடம்பு சரியில்ல. இவளுக்குன்னா வாழ்க்க போச்சு. நீ படிச்சவதானே, இது தெரியல?"

தெரிந்தது. அதனால்தான் அந்த யோசனை வந்தது.

கொழுந்தனுக்கு இரண்டு விதமான மாத்திரை கொடுத்திருந்தார்கள். காவி நிறத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. அவை இருந்த டப்பா என் பொறுப்பில். அடுத்த நாள் காலை மாமியாரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தேன். காவி மாத்திரையை அதன் வாயில் வைத்து அழுத்தினேன். சுத்தமாக இரண்டாயிற்று. ஒரு பாதி அவனுக்கு, ஒரு பாதி அவளுக்கு. அவளிடம் இரத்தத்துக்கு என்றேன். வாங்கி விழுங்கினாள். வெள்ளை மாத்திரையை அவளுக்குக் கொடுக்கவில்லை. கை நடுக்கத்துக்கு என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். கொழுந்தனுக்குத்தான் கை நடுங்கியது. இவளுக்கு நடுங்கவில்லையே. இல்லாத நோய்க்கு எதற்கு மருந்து? எனக்கு இது மிகவும் சரியான கணக்காகப் பட்டது.

இரண்டு மாதத்தில் அவள் நன்றாகத் தூங்கினாள். அடுப்படியில் பேசுவது குறைந்தது. ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "கொழந்த அழுவறது நின்னுட்டுது அண்ணி" என்றாள். கேட்டுக்கொண்டே நின்றாள், சத்தம் நின்ற மில்லின் வாசலில் நிற்பவர்களைப் போல. நான் அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதை ஒளிக்க வேண்டியதில்லை.

மாமியாரும் சும்மா இருக்கவில்லை. சொந்தத்தில் ஒருவரைப் பிடித்து, "அவள வந்து பாருங்க, எப்டி வேல செய்யறான்னு பாருங்க, அப்பால பேசுங்க" என்று பொதட்டூர்பேட்டைக்குச் சொல்லி அனுப்பினாள். நாளையும் அவளே குறித்தாள், நடவு நாள். மகளை எங்கே நிறுத்தினால் நன்றாகத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். பூ வைத்து உட்காரவைக்கிற இடத்தில் அல்ல, சேற்றில்.

புருஷன், அவனுடைய அம்மா, ஒரு பெரியப்பா. மூன்று பேர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார்கள். இரண்டாம் முறை பெண் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. குழந்தையைக் கூட்டி வரவில்லை.

பெண்கள் இறங்கினார்கள். நாத்தனார் முந்தானையைச் செருகிக்கொண்டு வழக்கமான இடத்தில் நின்றாள். நாற்றுமுடியைப் பிரித்தாள். விரல்கள் மரத்தால் செய்தவை போல வளைந்தன. ஒரு நாற்றைப் பிரிக்க அவளுக்கு ஆன நேரத்தில் பக்கத்தில் இருந்தவள் நாலு குத்து வைத்துவிட்டுப் பின்னால் போனாள். வரிசை பின்னுக்கு நகர்ந்தது, அவள் நின்ற இடத்தில் ஒரு மூக்கு போல முன்னே துருத்திக்கொண்டு அவள் மட்டும் நின்றாள். பக்கத்துப் பெண் அவளுடைய இடத்தையும் சேர்த்து நட்டாள். "இன்னாடி இது, கட்டிப்போட்ட மாடு மாதிரி நிக்கற? வாயும் தொறக்க மாட்ற, கையும் ஓட மாட்டுது. நோம்பு கீம்பு இருக்கறியா?" சிலர் சிரித்தார்கள். ஏழு வருடத்தில் முதல்முறையாக அந்த வரிசையில் அவள் வாய் மூடியிருந்தது. முகம் துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது.

புருஷனின் அம்மா குடைக்குள்ளிருந்து சொன்னாள்: "மெதுவாத்தான் செய்யறா."

மோர் குடித்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்கள். போனார்கள்.

மாமியார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டாள் வேல செய்வாளே. இன்னிக்குன்னு பாத்து எவ கண்ணு பட்டுது" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். நான் காலியான மோர்ச்சொம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

பாதி மாத்திரையில் இருந்த கொழுந்தனும் அதே வாரம் மறுபடி மோசமானான். சோற்றில் சுண்ணாம்பு இருக்கிறது என்று மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் எழுந்துபோய் டீக்கடைக் கண்ணாடி அலமாரியைக் கல்லால் அடித்தான். அவனைக் கட்டி இழுத்து வந்தார்கள். அன்று சாயங்காலம் மாமியார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, பாக்குவெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்த ஊர்ப் பாக்குடி இது, காவியா உதிருது?"

சொன்னேன். எல்லாவற்றையும். அடிப்பாள் என்று நினைத்தேன். பாக்குவெட்டியைப் புடவையில் துடைத்தாள்.

"அவளுக்கு நெசமாவே இருக்குதா?"

"இருக்குது அத்த. ரொம்ப நாளா."

"ரொம்ப நாளா" என்று அவளும் சொன்னாள். பிறகு வெற்றிலை போட்டுக்கொள்ளாமலே பெட்டியை மூடினாள். "நாளைக்கு ரெண்டு பேரையும் கூட்டினு போ."

டாக்டர் அம்மா நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார், அது பல்சக்கரம் போலத் தட்டித் தட்டி மடங்கியது. எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை நாள், வெள்ளை மாத்திரை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். என் கணக்கைச் சொன்னேன்.

"கை நடுக்கமும் இந்த விறைப்பும் நோயால வர்றதில்லம்மா. அந்தக் காவி மாத்திரையால வர்றது. அதனாலதான் வெள்ளையும் சேர்த்துத் தர்றோம்." கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "அவருக்கும் பாதியாக்கிட்டீங்க. ரெண்டு பேருக்கும் நஷ்டம்."

பிறகு நாத்தனாரைப் பார்த்து அதே கேள்விகள். வேலை செய்கிறீர்களா. செய்யறேன். வெளியே போய் வருகிறீர்களா. போவேன். "தனியா இருக்கும்போது யாராவது பேசற மாதிரி கேக்குதா?" நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் பேச ஆரம்பித்தாள். வரிசையில் காத்திருந்தவர்கள் முனகும் வரை பேசினாள். கேட்பதற்கென்று ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அவள் பெயரில் ஒரு சீட்டு வந்தது. அதை ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அந்த ஆவணியிலேயே புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

முழு மாத்திரையில், வெள்ளையும் சேர்த்து, அவள் விரல்கள் மெல்லத் திரும்பி வந்தன. அடுத்த வருடம் வரிசையோடு ஒட்டி நட்டாள், முந்தவில்லை, பிந்தவுமில்லை. கொழுந்தன் சுவரை விட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் அளவுக்கு வந்தான், அதோடு நின்றான். எழுபதுகளில் என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். நிலத்தை மாமியாருக்குப் பிறகு பார்த்துக்கொண்டது நாத்தனார்தான். மடைக்கும் அவளே போனாள். பொம்பளை மடைக்கு வருகிறாளே என்று முதலில் முணுமுணுத்தார்கள். அவள் போய் நின்றாள், சண்டையும் போட்டாள்.

குழந்தையைப் பற்றி மட்டும் பேசவே மாட்டாள்.

எழுபத்தைந்தோ எழுபத்தாறோ. பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு ஆள் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றார். பெண் வயதுக்கு வந்துவிட்டாள். மஞ்சத்தண்ணி ஊற்ற வேண்டும். தாய்மாமன் சீர் இல்லாமல் அந்தச் சடங்கை எந்த வீட்டிலும் செய்ய முடியாது, எவ்வளவு பகை இருந்தாலும். ஆகவே மாமன்மார் இரண்டு பேரும் வர வேண்டும். "ரெண்டு பேருமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "ரெண்டு பேருந்தான். சின்ன மாமனுக்கும் சேர்த்தே மரியாத எடுத்து வெச்சு கீறாங்க" என்றார் வந்தவர். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டே, "அவங்கள மட்டும் கூட்டினு வர வேணாம்னாங்க" என்று முடித்தார்.

அந்த 'அவங்க' மாட்டுக்கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தாள். பீய்ச்சும் சத்தம் நிற்கவில்லை.

வாடகை வேன் வந்த காலையில் சீர்த்தட்டுகளை ஏற்றினோம். பழம், பூ, புடவை, வளையல். கொழுந்தனை நாத்தனாரே குளிப்பாட்டி, முகம் மழிக்க ஆளைக் கூப்பிட்டு, வேட்டி கட்டிவிட்டாள். பிறகு உள்ளே போய்த் தன் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்து வேனின் கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்தாள்.

என் வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எறங்கும்மா. வாசல்ல நிக்க வெச்சுட்டாங்கன்னா அசிங்கம்."

"நிக்கறேண்ணா" என்றாள்.

"சொன்னா கேளு."

"இவன இட்டுகினு போற இல்ல? இவனுக்கும் எனக்கும் ஒரே டாக்டரம்மாதான், ஒரே மாத்திரதான். நான் எறங்கணும்னா இவனும் எறங்கட்டும்."

கொழுந்தன் நிஜமாகவே இறங்கப் போனான். அவனைப் பிடித்து உட்கார வைத்தோம். வேன் கிளம்பியது.

தட்டு எடுத்து வரும் பெண்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சீர்த்தட்டை வாசலில் திருப்பி அனுப்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். நாத்தனார் வளையல் தட்டைத் தலைக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நுழைந்தாள். உள்ளே போய்த் தட்டை வைத்த பிறகுதான் அவளுடைய பழைய மாமியார் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

கொழுந்தனுக்கு நாற்காலி போட்டார்கள். சந்தனம் பூசி, தோளில் துண்டு போர்த்தினார்கள். பெரியவர்கள் வந்து, "மாமன் நல்லா இருக்கறீங்களா" என்று கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை. மாமன் கம்பீரமாக இருக்கிறார் என்று யாரோ சொன்னதை என் காதால் கேட்டேன். நாத்தனார் தூணுக்குப் பின்னால் நின்றாள்.

பெண்ணை மனையில் உட்கார வைத்தார்கள். பதின்மூன்று வயது, ஒல்லி, தலை குனிந்திருந்தது. முதல் சொம்பு மாமன் பொண்டாட்டி ஊற்ற வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள். மஞ்சள் தண்ணீரில் சொம்பை முக்கி எடுத்தேன். திரும்பி, தூணுக்குப் பின்னால் இருந்தவளின் கையில் கொடுத்தேன்.

பழைய மாமியார் எழுந்துவிட்டாள். "இன்னாம்மா இது? வாழாவெட்டி கையால மொத தண்ணியா?"

"மொத தண்ணி மாமன் பொண்டாட்டியோடது" என்றேன். "நான்தானே மாமன் பொண்டாட்டி? ஊத்தறதா வேணாமான்னு நான் சொல்றேன். இல்லன்னா சொல்லுங்க, சீர எடுத்துக்கினு கெளம்பறோம்."

ஒரு கிழவி, யாருடைய உறவென்று தெரியாது, சலித்துக்கொண்டு சொன்னாள்: "ஊத்துங்கடி, பொண்ணு ஒத்தப் பாவாடையோட நடுங்குது."

நாத்தனார் ஊற்றினாள். உச்சியிலிருந்து, நிதானமாக, காதில் போகாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு. பெண் கண்ணை மூடியிருந்தது. யார் ஊற்றுகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. மூன்று சொம்பு ஊற்றிவிட்டு அடுத்தவளுக்கு இடம் விட்டாள்.

சாப்பாட்டில் கடைசிப் பந்தியில் எங்களை உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் புதுப் புடவை தடுக்க நடந்து வந்து எங்கள் இலைக்கு எதிரில் கொஞ்ச நேரம் நின்றது. யாரோ சொல்லியிருக்க வேண்டும். நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். உள்ளிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டது.

திரும்பும்போது திருத்தணி தாண்டுவதற்குள் கொழுந்தன் போர்த்திய துண்டோடு தூங்கிவிட்டான்.

"தல பூரா சிக்கு அண்ணி" என்றாள் நாத்தனார். "யாரும் எண்ண வெக்கறதில்ல போலருக்குது. அடுத்த மாசம் நான் போயி வெச்சு வாரிட்டு வரேன்."

"உள்ள உடுவாங்களா?" என்று என் வீட்டுக்காரர் முன் சீட்டிலிருந்து கேட்டார்.

"உட மாட்டாங்க."

அடுத்த மாதம் தனியாகப் பஸ் ஏறிப் போனாள், உள்ளே விடவில்லை. அதற்கு அடுத்த மாதமும் போனாள். மூன்றாம் முறை, அவள் தெருவில் நிற்பது கடைக்காரர்களுக்கெல்லாம் பழகிவிட்ட பிறகு, பெண்ணே சீப்பை எடுத்துக்கொண்டு வாசல்படிக்கு வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தது.